நாட்டுக்கோழி முட்டையை வீட்டிலேயே பொரிக்க வைப்பது எப்படி: அடைக்கோழியும் பெட்டியும்

கடையில் வாங்கிய முட்டையை அடை வைத்தால் குஞ்சு வருமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வராது. நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளில் கூண்டில் நிற்கும் முட்டைக்கோழிகள் சேவலோடு சேராதவை, அந்த முட்டையில் கரு கூட வழியே இல்லை, எத்தனை நாள் சூடு கொடுத்தாலும் கடைசியில் நாறத்தான் செய்யும். சேவலோடு திரியும் கோழியின் முட்டை வேண்டும். எட்டு முதல் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் என்பது சரியான கணக்கு. புதிதாகச் சேவல் விட்டிருந்தால் ஒரு வாரம், பத்து நாள் பொறுத்து அதற்குப் பிறகு இடும் முட்டையை எடுங்கள். பழைய சேவலை விற்றுவிட்டு வேறு ரகச் சேவலை விட்டவர்கள் மூன்று வாரமாவது பொறுக்க வேண்டும், ஏனென்றால் சேர்ந்து பத்துப் பதினைந்து நாள் ஆன பிறகும் பழைய சேவலின் விந்து பெட்டைக்குள் உயிரோடு இருக்கும்.

இன்குபேட்டர், அதாவது கோழிக்குப் பதில் முட்டைக்குச் சூடு கொடுத்துப் பொரிக்கும் பெட்டி, வாங்கப் போகிறேன் என்று சொல்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, வீட்டில் அடைக்கு வரும் கோழி இருந்தால் அதை ஒரு முறை உட்கார வைத்து 21 நாளும் பாருங்கள் என்பதுதான். பெட்டியில் நாம் செய்யும் எல்லாமே கோழி செய்வதைப் பார்த்துச் செய்வது. அது எப்போது முட்டையை உருட்டுகிறது, எவ்வளவு நேரம் எழுந்து போகிறது, எந்த முட்டையை ஓரத்துக்குத் தள்ளுகிறது என்று பார்த்தவருக்குப் பெட்டியில் வரும் பாதிச் சிக்கல் வராது.

முட்டையை எடுப்பதும் வைத்திருப்பதும்

பொரிப்பு சரியாக வரவில்லை என்று வருகிறவர்களிடம் விசாரித்தால், பாதிப் பேருக்குத் தப்பு நடந்தது பெட்டியில் வைத்த பிறகு கிடையாது, அதற்கு முந்தின வாரத்தில்தான். முட்டை சேர்க்கும் நாட்களை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏழு நாளுக்கு மேல் ஆன முட்டையில் பொரிப்பு நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போகும். சித்திரை, வைகாசி வெயிலில் நாலு நாள்தான் கணக்கு. முட்டை வைக்க 15 முதல் 18 டிகிரி செல்சியஸ் இருந்தால் நல்லது, கோடையில் நம் வீடுகளில் அந்தக் குளிர்ச்சி எங்கே இருக்கிறது? வெக்கையில் வைத்த முட்டையில் கரு அரைகுறையாக வளரத் தொடங்கி, நின்று, மறுபடி வளர்ந்து, அடை வைப்பதற்குள்ளேயே வலுவிழந்துவிடும். அதற்காக ஃபிரிட்ஜில் வைக்கவும் கூடாது, நாலைந்து டிகிரி குளிர் கருவுக்கு ஆகாது. தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில், ஈர மணல் மேல் வைத்த ஒரு மண்சட்டியில், காற்றோட்டமான நிழலில் வையுங்கள். அகன்ற பக்கம் மேலே, கூர்ப் பக்கம் கீழே. ஒவ்வொரு முட்டையிலும் தேதியைப் பென்சிலால் எழுதிவிடுங்கள்.

கழுவாதீர்கள். முட்டை ஓட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய பூச்சு இருக்கிறது, அதுதான் கிருமி உள்ளே போகாமல் தடுப்பது, தண்ணீர் பட்டால் அது போய்விடும். கொஞ்சம் எச்சம் ஒட்டியிருந்தால் காய்ந்த துணியால் துடையுங்கள். மொத்தமும் அசிங்கமான முட்டையைச் சமையலுக்கு அனுப்பிவிடுங்கள். முட்டையிடும் கூடையில் வைக்கோலை அடிக்கடி மாற்றினால் இந்தப் பிரச்சினையே வராது.

அந்தக் கோழியின் முட்டை வழக்கமாக இருக்கும் அளவில் நடுத்தரமானதைப் பொறுக்குங்கள். முதன்முதலாக முட்டையிடத் தொடங்கிய விடைக்கோழியின் சின்ன முட்டை வேண்டாம், இரண்டு மஞ்சள் கரு இருக்கும் பெரிய முட்டையும் வேண்டாம், கோணலான முட்டையும் வேண்டாம். கீறல் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். இரண்டு முட்டையைக் கையில் பிடித்து மெதுவாக ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள், நல்ல முட்டை கணீரென்று கேட்கும், கீறல் விட்டது மந்தமாகக் கேட்கும், இரண்டே நாளில் காது பழகிவிடும். வெளியூரிலிருந்து பஸ்ஸில், பார்சலில் வந்த முட்டை என்றால் கூர்ப் பக்கம் கீழே இருக்கும்படி ஒரு நாள் அசையாமல் வைத்துவிட்டு அப்புறம் அடை வையுங்கள், முட்டையின் அகன்ற பக்கத்துக்குள் இருக்கும் காற்றறை குலுங்கியிருக்கும், அது நிலைக்கு வர அந்த நேரம் வேண்டும்.

அடைக்கோழி வைப்பது

கோழி அடைக்கு வந்துவிட்டதா என்று பார்ப்பது எளிது. முட்டையை எடுத்த பிறகும் கூடையை விட்டு எழாது, கை நீட்டினால் சிறகைச் சிலிர்த்துக்கொண்டு கொத்த வரும், நடக்கும்போது கொறக் கொறக் என்று அடித்தொண்டையில் ஒரு சத்தம் போடும், நெஞ்சிலும் வயிற்றிலும் இறகு உதிர்ந்து தோல் வெளியே தெரியும். அந்தத் தோல்தான் முட்டையில் நேரடியாகப் பட்டுச் சூடு கொடுக்கிறது. உடனே நல்ல முட்டையை வைத்துவிடாமல் இரண்டு நாள் வேண்டாத முட்டையை வைத்துப் பாருங்கள். இரவிலும் உட்கார்ந்திருந்தால் நம்பலாம்.

சிறுவிடை என்ற சின்ன நாட்டுக்கோழி ரகம் இதற்கு அருமையான கோழி. உடம்பு லேசானது, முட்டையை மிதித்து உடைக்காது, கடைசிவரை பொறுமையாக உட்காரும், குஞ்சைக் காப்பதில் பருந்தையே எதிர்த்து நிற்கும். பெரிய ரகமான பெருவிடைக்கும் அடை குணம் உண்டு, கனம் அதிகம் என்பதால் ஓடு மெலிந்த முட்டைகள் நொறுங்கும் வாய்ப்பு அதிகம். சிறுவிடைக்குப் பத்து முதல் பன்னிரண்டு முட்டை போதும். ஆசைப்பட்டுப் பதினைந்து, பதினாறு வைத்தால் ஓரத்து முட்டைகள் மாறி மாறிக் குளிர்ந்து, ஒன்றிரண்டு முட்டைக்குப் பதில் ஆறேழு முட்டை வீணாகும்.

அகலமான மூங்கில் கூடையோ பழைய மண்சட்டியோ எடுத்து, அடியில் இரண்டு மூன்று விரல்கடை காய்ந்த மணல், அதன்மேல் கசக்கிய வைக்கோல். நடுவில் லேசாகக் குழியாக இருக்க வேண்டும், குழி ஆழமானால் முட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உடையும். வைக்கோலுக்கு நடுவே வேப்பிலை, நொச்சி இலை போடுவது நல்ல பழக்கம். அடைக்கோழிக்கு முதல் எதிரி பேனும் செள்ளும்தான். இரவில் ஊர்ந்து இரத்தம் குடிக்கும் செள் கூடையில் இருந்தால் எவ்வளவு நல்ல கோழியும் பதினைந்தாம் நாள் எழுந்து ஓடிவிடும். அடை வைக்கும் முன்னரே கோழியின் சிறகடியையும் ஆசனவாய்ப் பக்கத்தையும் பிரித்துப் பாருங்கள், பேன் இருந்தால் அதை ஒழித்துவிட்டு வையுங்கள்.

கூடைக்குள் இரும்புத் துண்டு, அடுப்புக்கரி, காய்ந்த மிளகாய் போட்டு வைப்பார்கள், இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகாமல் இருக்க. போடுவதில் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் மழை நாளில் கூமுட்டை கூடுவதற்குக் கூடையில் ஏறும் ஈரத்தையும், சாரல் அடித்துக் கோழி எழுந்துபோவதையும்தான் நான் காரணமாகப் பார்க்கிறேன். அதனால் இரும்பு போட்டாலும் போடாவிட்டாலும் கூடையைச் சாரல் படாத, எறும்பு வராத, பெருச்சாளியும் பாம்பும் நுழையாத மூலையில் வையுங்கள். கோழியை இரவில் உட்கார வையுங்கள், இருட்டில் மறுப்பு இருக்காது. எல்லா முட்டையையும் ஒரே நேரத்தில் வைக்க வேண்டும். வேறு கோழி வந்து நடுவில் முட்டையிட்டுவிட்டால் கண்டுபிடித்து எடுக்க, நாம் வைத்தவற்றில் பென்சில் குறி இருக்கட்டும்.

தினமும் ஒரு முறை அது எழுந்து தீனி தின்று, தண்ணீர் குடித்து, நாற்றமெடுக்கும் பெரிய எச்சம் ஒன்று போட்டு, மண்ணில் புரண்டுவிட்டுப் பதினைந்து இருபது நிமிடத்தில் திரும்பும். அந்தக் குளிர்ச்சி முட்டைக்குக் கெடுதல் இல்லை. சில கோழி எழவே எழாது, அதை நாமே மெல்லத் தூக்கி வெளியே விட வேண்டும். தூக்கும்போது சிறகுக்கடியில் முட்டை ஒட்டிக்கொண்டு வருகிறதா என்று பார்த்துத் தூக்குங்கள். கம்பு, சோளம், மக்காச்சோளம் மாதிரித் தானியமும் சுத்தமான தண்ணீரும் பக்கத்திலேயே இருந்தால் சீக்கிரம் திரும்பிவிடும்.

இருபது, இருபத்தொன்றாம் நாளில் குஞ்சு வரத் தொடங்கும்போது கூடையில் கை வைக்காதீர்கள். ஒன்று மட்டும் கவனியுங்கள்: முதலில் வந்த குஞ்சுகள் நடக்கத் தொடங்கியதும் சில கோழி மிச்ச முட்டையை விட்டுவிட்டு எழுந்துவிடும். அப்படி எழும் கோழி என்றால், காய்ந்த குஞ்சுகளை எடுத்து வெதுவெதுப்பான பெட்டியில் வைத்துவிட்டு, கடைசி முட்டை பொரிந்த பிறகு இரவில் தாயிடம் விட்டுவிடுங்கள்.

பெட்டியில் வைப்பது

அடைக்கோழி இல்லை, அல்லது முப்பது நாற்பது முட்டை வைக்க வேண்டும் என்றால் பெட்டிதான். கடையில் விற்கும் தானாக உருட்டும் சின்ன இன்குபேட்டரும் சரி, மீன் வரும் தெர்மாகோல் பெட்டியில் நாமே செய்வதும் சரி, வேலை ஒன்றுதான். நாமே செய்வதற்கு வேண்டியவை: மூடியுள்ள தடித்த தெர்மாகோல் பெட்டி, 230 வோல்ட்டில் ஓடும் டிஜிட்டல் தெர்மோஸ்டாட் (சூட்டை அளந்து பல்பைத் தானாக அணைத்து எரியவைக்கும் கருவி), இரண்டு 40 வாட் குண்டு பல்பு, கம்ப்யூட்டரில் வரும் 12 வோல்ட் ஃபேன் ஒன்று, அதற்கு ஒரு அடாப்டர், வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சின்ன மீட்டர். எல்இடி பல்பு போடாதீர்கள், அதில் சூடு போதாது, பழைய இழை பல்புதான் வேண்டும். இரண்டு பல்பு எதற்கென்றால், நடு இரவில் ஒன்று ஃபியூஸ் போனாலும் மற்றது ஓரளவு தாங்கும். பல்பு தெர்மாகோலைத் தொட்டால் உருகித் தீப்பிடிக்கும், நல்ல இடைவெளி விட்டுத் தகரத் தடுப்பு வையுங்கள், அந்தத் தடுப்பு முட்டையில் நேரடியாக அனல் படுவதையும் தடுக்கும். தண்ணீர்த் தட்டு உள்ளேயே இருக்கப் போகிறது என்பதால் ஒயர் இணைப்புகளைத் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துச் செய்யுங்கள், இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

ஃபேன் உள்ள பெட்டியில் 37.5 டிகிரி செல்சியஸ், அதாவது 99.5 பாரன்ஹீட். ஃபேன் இல்லாத பெட்டியில் சூடு மேலே ஏறி நிற்கும் என்பதால் முட்டையின் மேல்மட்டத்தில் 38.3 முதல் 38.9 வரை வேண்டும். தெர்மோஸ்டாட்டின் சென்சார் முட்டையின் உயரத்தில் தொங்க வேண்டும், பல்புக்கு நேராகவோ மூடிக்குப் பக்கத்திலோ இருந்தால் காட்டுவது எல்லாம் பொய். மலிவான சென்சாரில் ஒரு டிகிரி வித்தியாசம் சாதாரணமாக வரும், பொரிப்பில் அந்த ஒரு டிகிரி பெரிய விஷயம். வெதுவெதுப்பான தண்ணீரில் சென்சாரையும் வீட்டில் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து ஒப்பிட்டுப் பாருங்கள், எவ்வளவு வித்தியாசமோ அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஈரப்பதம் காட்டும் மீட்டரையும் சோதிக்கலாம். ஒரு பாட்டில் மூடியில் ஒரு ஸ்பூன் சமையல் உப்பு, அது சேறாகும் அளவுக்கு மட்டும் சில சொட்டுத் தண்ணீர், மீட்டரோடு சேர்த்து ஒரு ஜிப் கவரில் போட்டுக் காற்றுப் போகாமல் மூடி, ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் 75 சதவீதம் காட்ட வேண்டும். 68 காட்டினால் அந்த மீட்டர் ஏழு குறைத்துக் காட்டுகிறது என்று அர்த்தம்.

முட்டை வைப்பதற்கு ஒரு நாள் முன்பே காலிப் பெட்டியை ஓட விடுங்கள். நிலையாக நின்ற பிறகு முட்டையை வைத்தால் வெப்பம் சட்டென்று இறங்கும், மறுபடி ஏறப் பல மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் அவசரப்பட்டு செட்டிங்கை ஏற்றாதீர்கள், முட்டை சூடேறியதும் அது எல்லை தாண்டிவிடும். பெட்டி விஷயத்தில் அளவுக்கு மீறிய குளிரை விட அளவுக்கு மீறிய சூடுதான் ஆபத்து. சில மணி நேரம் 30 டிகிரிக்கு இறங்கினாலும் பெரும்பாலான கரு பிழைத்துக்கொள்ளும், பொரிக்கக் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். 40 தாண்டிப் போய் நின்றால் கரு சாகத் தொடங்கிவிடும்.

முதல் 18 நாளுக்கு ஈரப்பதம் 50 முதல் 55 சதவீதம், கடைசி மூன்று நாளுக்கு 65 முதல் 70. தட்டில் தண்ணீர் எவ்வளவு ஆழம் என்பது கணக்கே இல்லை, தண்ணீரின் மேற்பரப்பு எவ்வளவு அகலம் என்பதுதான் ஈரத்தைத் தீர்மானிக்கும். குறைந்தால் அகலமான தட்டு வையுங்கள், கூடினால் சின்னக் கிண்ணம் வையுங்கள். சென்னை, நாகப்பட்டினம் மாதிரிக் கடற்கரை ஊர்களில் முதல் 18 நாளுக்குத் தண்ணீர் வைக்கத் தேவையே இல்லாமல் போகும் நாட்கள் உண்டு, கோவை, தருமபுரிப் பக்கம் கோடையில் இரண்டு தட்டு வைத்தாலும் போதாது. பக்கத்து ஊர்க்காரர் சொன்ன அளவை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் உங்கள் மீட்டரைப் பாருங்கள்.

மீட்டரை விட நம்பகமான வழி ஒன்று இருக்கிறது, எடை. முட்டைக்குள்ளிருக்கும் ஈரம் ஓடு வழியாக மெல்ல வெளியேறி, அந்த இடத்தில் காற்றறை பெருக வேண்டும். 18ஆம் நாளில் முட்டை தன் எடையில் 11 முதல் 13 சதவீதம் குறைந்திருந்தால் எல்லாம் சரி. பத்து முட்டை சேர்ந்து முதல் நாளில் 450 கிராம் என்றால் ஏழாம் நாளில் சுமார் 430, பதினெட்டாம் நாளில் 395 கிராம் பக்கம் இருக்க வேண்டும். ஏழாம் நாளிலேயே 420க்கு வந்துவிட்டால் பெட்டி காய்கிறது, தண்ணீர்ப் பரப்பைக் கூட்டுங்கள். 440லேயே நின்றால் ஈரம் அதிகம், குறையுங்கள். சமையலறைத் தராசு போதும், கெட்ட முட்டையை எடுத்துவிட்டால் கணக்கிலும் கழித்துவிடுங்கள்.

காற்றுத் துளையை அடைக்காதீர்கள். கரு மூச்சுவிடுகிறது, கடைசி வாரத்தில் நிறையவே காற்று வேண்டும். சூடு போய்விடும் என்று துளைகளில் டேப் ஒட்டிவிட்டு, முழுதாக வளர்ந்த குஞ்சுகளைக் கடைசி நேரத்தில் மூச்சுமுட்டிச் சாகவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

உருட்டுவது

கோழி அலகால் முட்டையை இழுத்து இழுத்து உருட்டிக்கொண்டே இருக்கும், ஒரு நாளில் பல முறை. காரணம் இருக்கிறது. கருவோடு இருக்கும் மஞ்சள் பகுதி மேலே மிதக்கும் குணமுடையது, ஒரே பக்கமாக வைத்தால் மேலே ஏறி ஓட்டை ஒட்டியுள்ள சவ்வில் ஒட்டிக்கொள்ளும், கரு செத்துப்போகும். முதல் வாரம்தான் இதில் முக்கியமான வாரம். கையால் உருட்டுகிறவர்கள் குறைந்தது மூன்று முறை, முடிந்தால் ஐந்து முறை உருட்டுங்கள். ஒற்றைப்படை எண்ணாக வைப்பது எதற்கென்றால், இரவில்தான் நீண்ட நேரம் ஒரே பக்கம் இருக்கும், ஒற்றைப்படையில் உருட்டினால் இன்று இரவு ஒரு பக்கம், நாளை இரவு மறு பக்கம் என்று மாறிவிடும். ஒரு பக்கம் வட்டம், மறு பக்கம் பெருக்கல் குறி போட்டுக்கொண்டால் குழப்பம் இல்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்த பிறகு தொடுங்கள், எண்ணெய்க் கை ஓட்டின் துளைகளை அடைக்கும்.

வெளிச்சம் வைத்துப் பார்ப்பது

ஏழாம் நாள் இரவு, அறையை இருட்டாக்கி, செல்போன் டார்ச்சின் மேல் முட்டையின் அகன்ற பக்கத்தை வைத்து உள்ளங்கையால் சுற்றி மூடிப் பாருங்கள். உயிருள்ள முட்டையில் நடுவில் ஒரு கறுப்புப் பொட்டும், அதிலிருந்து எல்லாப் பக்கமும் கிளைவிடும் சிவப்பு நரம்புகளுமாக, சிலந்தி கால் பரப்பி உட்கார்ந்த மாதிரித் தெரியும். கொஞ்சம் அசையாமல் பிடித்தால் அந்தப் பொட்டு துடித்து நகர்வதையும் பார்க்கலாம். ஒன்றுமே இல்லாமல் மஞ்சளாக வெளிச்சம் ஊடுருவினால் கரு கூடாத முட்டை. நரம்பு எதுவும் இல்லாமல் சிவப்பாக ஒரு வளையம் மட்டும் தெரிந்தால் கரு சில நாள் வளர்ந்து செத்துவிட்டது. இந்த இரண்டையும் எடுத்துவிடுங்கள். செத்த முட்டை சூட்டில் அழுகி, வாயு சேர்ந்து, ஒருநாள் வெடித்தால் பெட்டி முழுக்க நாறுவதோடு மற்ற முட்டைகளுக்கும் கிருமி பரவும். ஓடு தடித்த, பழுப்பு நிற முட்டைகளில் ஏழாம் நாள் சரியாகத் தெரியாவிட்டால் பத்தாம் நாள் மறுபடி பாருங்கள், சந்தேகமான முட்டையை அவசரப்பட்டு வீசாதீர்கள்.

பதினான்காம் நாளில் முட்டையில் பெரும்பகுதி இருண்டிருக்கும், பதினெட்டாம் நாளில் காற்றறை தவிர எல்லாமே கறுப்பு. தினமும் எடுத்து எடுத்துப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும், இந்த மூன்று நாள் போதும்.

கரண்ட் போனால்

முதலில் ஃபேனையும் தெர்மோஸ்டாட்டையும் பற்றிக் கவலைப்படாமல் பெட்டியை மூடியபடியே விடுங்கள். திறந்து பார்ப்பதில்தான் சூடு போகும். மேலே கம்பளியோ தடித்த போர்வையோ போர்த்துங்கள், காற்றுத் துளை மட்டும் முழுக்க அடைபடாமல் இருக்கட்டும். நல்ல தெர்மாகோல் பெட்டி ஒன்றிரண்டு மணி நேரம் தாங்கும். அதற்கு மேலும் வரவில்லை என்றால் சுடுதண்ணீர் நிரப்பிய பாட்டில்களைத் துணியில் சுற்றி முட்டையைத் தொடாமல் உள்ளே வையுங்கள். அடிக்கடி மின்வெட்டு வரும் ஊரில் வீட்டு இன்வெர்ட்டரோடு பெட்டியை இணைத்துவிட்டால் நிம்மதி, இரண்டு சின்ன பல்புக்கு அது தாராளம்.

கடைசி மூன்று நாள்

நாள் கணக்கில் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். ஞாயிறு மாலை வைத்தால் திங்கள் மாலைதான் ஒரு நாள் முடிகிறது. பதினெட்டு நாள் முழுதாக முடிந்ததும் உருட்டுவதை நிறுத்துங்கள். இனிக் குஞ்சு தலையைக் காற்றறைப் பக்கம் திருப்பிப் படுத்துக்கொள்ளும், நாம் உருட்டினால் அதற்குத் தொந்தரவு. முட்டைகளைப் படுக்க வைத்து, கீழே காலுக்குப் பிடி கிடைக்கும்படி சாக்குத் துணியோ சின்னக் கண்ணுள்ள வலையோ விரித்து, தண்ணீர்ப் பரப்பைக் கூட்டி மூடிவிடுங்கள்.

பத்தொன்பது, இருபதாம் நாளில் காதை வைத்துக் கேட்டால் ஓட்டுக்குள்ளிருந்து கீச் கீச் என்று சத்தம் வரும். குஞ்சு உள் சவ்வைக் கிழித்துக் காற்றறையில் முதல் மூச்சு விட்டுவிட்டது என்று அர்த்தம். அப்புறம் அலகு நுனியில் இருக்கும் சின்னக் கூர்முனையால் ஓட்டில் ஒரு புள்ளியை உடைக்கும். இந்த இடத்தில்தான் பொறுமை வேண்டும், ஏனென்றால் உடைத்துவிட்டு அது சும்மா படுத்துவிடும். பன்னிரண்டு மணி நேரம், சில நேரம் ஒரு நாள் முழுக்க ஒன்றுமே நடக்காதது போல் இருக்கும். உள்ளே அந்த நேரத்தில் மிச்ச மஞ்சள் கரு தொப்புள் வழியாக வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது, சவ்வில் ஓடும் இரத்தம் குஞ்சின் உடம்புக்குத் திரும்புகிறது. பாவம் கஷ்டப்படுகிறதே என்று நாம் ஓட்டை உரித்தால் இரத்தம் கசியும், தொப்புள் மூடாத குஞ்சு ஒன்றிரண்டு நாளில் சாகும். மூடியைத் திறப்பதும் கூடாது. ஒரு முறை திறந்தால் ஈரம் சடாரென்று இறங்கி, பாதி உடைத்த குஞ்சுகளின் மேல் சவ்வு காய்ந்து இறுகிவிடும், அப்புறம் அது திரும்பவே முடியாது. ஓடு உடைத்து 24 மணி நேரம் தாண்டியும் அசைவே இல்லை, சவ்வு பழுப்பாகக் காய்ந்திருக்கிறது என்றால் மட்டும் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் அந்த இடத்தை நனைத்து விளிம்பில் கொஞ்சம் ஓட்டை எடுக்கலாம். இரத்தம் தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

முதலில் வந்த குஞ்சுகளை உடனே எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. உள்ளே இழுத்த மஞ்சள் கரு இரண்டு நாளுக்கு மேல் அதற்குத் தீனி. இறகு காய்ந்து பஞ்சாக விரியும்வரை பெட்டியிலேயே இருக்கட்டும், எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம்.

பொரிக்காத முட்டையை உடைத்துப் பாருங்கள்

இருபத்துமூன்றாம் நாள் முடிந்தும் வராதவற்றை அப்படியே குப்பையில் போடாமல், வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் ஒவ்வொன்றாக உடைத்துப் பாருங்கள். நாற்றம் வரும், இருந்தாலும் அடுத்த முறைக்கு என்ன மாற்ற வேண்டும் என்று சொல்வது இந்த முட்டைகள்தான். கருவே இல்லாதவை நிறைய என்றால் சேவலைப் பாருங்கள், வயதாகியிருக்கலாம், அல்லது பெட்டைகள் அதிகமாக இருக்கலாம். முதல் வாரத்தில் செத்தவை நிறைய என்றால் முட்டையை அதிக நாள் வைத்திருந்தீர்கள், அல்லது ஆரம்பத்தில் சூடு ஏறி இறங்கியிருக்கிறது. முழுக் குஞ்சாக வளர்ந்து, உடம்பெல்லாம் ஈரமாக, ஓட்டுக்குள் தண்ணீர் தேங்கிச் செத்திருந்தால் 18 நாளும் ஈரப்பதம் அதிகம். சவ்வு ஒட்டிக் காய்ந்து செத்திருந்தால் கடைசியில் ஈரம் போதவில்லை. பொரித்த நாளையும் பாருங்கள். பத்தொன்பதாம் நாளே பொரித்து, தொப்புளில் இரத்தப் பொட்டோடு குஞ்சு வந்தால் பெட்டி அரை டிகிரியாவது அதிகச் சூடு, இருபத்துமூன்று வரை இழுத்தால் சூடு குறைவு. ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

ஒரு தொகுதி முடிந்ததும் பெட்டியைத் துடைத்து, ப்ளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீரால் கழுவி, நன்றாகக் காயவைத்த பிறகே அடுத்த முட்டை.

வாத்து, வான்கோழி, காடை முட்டைகளுக்கும் இதே முறைதான், நாள்தான் மாறும். வாத்துக்கும் வான்கோழிக்கும் 28 நாள், மணிலா வாத்துக்கு மட்டும் 35, கினிக்கோழிக்கு 26 முதல் 28. வாத்து முட்டைக்குக் கோழியை அடை வைப்பது நம் ஊரில் பழைய வழக்கம், கோழி ஒரு வாரம் கூடுதலாக உட்கார வேண்டும் என்பதால் தீனியைக் கவனியுங்கள். வளர்ப்புக் காடை அடைக்கு உட்காராது, அதற்குப் பெட்டிதான், 17, 18 நாளில் பொரித்துவிடும்.

குஞ்சு வந்த பிறகு

தாயோடு இருக்கும் குஞ்சுக்கு நம் வேலை பருந்து, காக்கை, பூனை, கீரியிடமிருந்து காப்பதுதான். முதல் இரண்டு வாரம் பஞ்சாரத்தில் கவிழ்த்து வையுங்கள். பெட்டிக் குஞ்சுக்கு நாம்தான் தாய். அட்டைப் பெட்டியில் உமியோ நிலக்கடலைத் தோலோ பரப்பி, மேலே சாக்கை விரியுங்கள். வழுக்கும் செய்தித்தாளை மட்டும் விரித்தால் கால் இரண்டு பக்கமும் விரிந்து நடக்க முடியாமல் போகும். முதல் வாரம் 35 டிகிரி, அப்புறம் வாரம் மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வரலாம். தெர்மாமீட்டரை விடக் குஞ்சுகளைப் பாருங்கள்: பல்புக்கடியில் குவிந்து கத்தினால் குளிர், ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு, பரவலாகப் படுத்துத் தூங்கினால் சரி.

முதல் நாள் வெல்லம் கரைத்த தண்ணீர், சின்னத் தட்டில் கூழாங்கல் போட்டு, குஞ்சு விழுந்து நனையாதபடி. ஒவ்வொரு குஞ்சின் அலகையும் ஒரு முறை தண்ணீரில் தொட்டுக் காட்டினால் கற்றுக்கொள்ளும். உடைத்த மக்காச்சோளம் அல்லது கம்புக் குருணை இரண்டு நாள், அதன் பிறகு குஞ்சுகளுக்கென்றே விற்கும் சிக் ஸ்டார்ட்டர் தீவனம். ஆசனவாயில் எச்சம் ஒட்டிக் காய்ந்திருந்தால் வெந்நீர்ப் பஞ்சால் நனைத்துத் துடையுங்கள், பிய்த்து இழுக்காதீர்கள்.

ஏழாம் நாள் தடுப்பு மருந்தை விடக் கூடாது. வெள்ளைக்கழிச்சல் நோய் ஒரு முறை ஊருக்குள் வந்தால், 21 நாள் பார்த்துப் பார்த்துப் பொரித்த குஞ்சு எல்லாம் ஒரே வாரத்தில் போய்விடும். லசோட்டா அல்லது எஃப் 1 சொட்டு மருந்தைக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு விட வேண்டும், பதினான்காம் நாள் கம்போரோ நோய்க்கான மருந்து, நான்காம் வாரம் மறுபடி லசோட்டா, எட்டு வாரம் கடந்ததும் வெள்ளைக்கழிச்சல் ஊசி. அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். மருந்தை ஐஸில் வைத்துத்தான் எடுத்துவர வேண்டும், கலக்கியபின் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும், மிச்சத்தை வைத்திருந்து மறுநாள் போடுவதில் பலன் இல்லை. ஒரு குப்பியில் நூறு குஞ்சுக்கும் அதற்கு மேலும் மருந்து இருக்கும், அதனால் தெருவில் குஞ்சு வைத்திருப்பவர்களிடம் முந்தின நாளே சொல்லிவைத்து எல்லோரும் ஒரே காலையில் போட்டுக்கொள்ளுங்கள். வெயில் ஏறுவதற்கு முன்னால் முடித்துவிட்டால் குஞ்சுகளுக்கும் நல்லது, மருந்துக்கும் நல்லது.